பகுதியைக் குறை, சதவீதம் கூடும்

2024 மே மாதம் தமிழ்நாட்டில் கணக்குப் புலிகள் 20,691 பேர் இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு. அடுத்த மே மாதம் எண்ணிப் பார்த்தால் மிச்சம் 1,996 பேர். ஒரே வருஷத்தில் 18,695 புலிகளைக் காணோம். வனத்துறை விசாரிக்கவில்லை. சட்டமன்றத்தில் கவன ஈர்ப்புத் தீர்மானம் கிடையாது. அதே வருஷம் அறிவியலில் நூறு வாங்கியவர்கள் 5,104இலிருந்து 10,838 ஆகிவிட்டதால், மாநிலத்தின் மூளை கணக்கிலிருந்து அறிவியலுக்குப் பணியிட மாறுதல் வாங்கிக்கொண்டது போலிருக்கிறது என்று சமாதானமாகிவிட்டோம்.

பிள்ளைகள் அதே ஊர்ப் பிள்ளைகள்தாம். புத்தகம் 2019இல் வந்த அதே புத்தகம். வாத்தியாரும் பெரும்பாலும் அதே வாத்தியார். மாறியது கேள்வித்தாள் எடுத்தவர் கை. அவர் கை தாராளமாக இருந்த வருஷம் மேதைகள் விளைந்தார்கள். இறுகிய வருஷம் கருகினார்கள். இரண்டு வருஷமும் மேடை போட்டுக் கேடயம் கொடுத்தோம். இரண்டு வருஷமும் ஃப்ளெக்ஸ் அடித்தோம். மேதையின் படத்துக்குக் கீழே தாளாளர் படத்தை அதைவிடப் பெரிதாகப் போட்டோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதற்கு யாரும் ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை. 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 8,94,264 பேர். தேறியவர்கள் 8,18,743. சதவீதம் 91.55. 2025இல் எழுதியவர்கள் 8,71,239 பேர். தேறியவர்கள் 8,17,261. சதவீதம் 93.80. தேறியவர்கள் 1,482 பேர் குறைந்திருக்கிறார்கள். சதவீதமோ இரண்டேகால் ஏறியிருக்கிறது. மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. பின்னத்தின் குணமே அதுதான். மேலே இருக்கும் தொகுதி கொஞ்சம் குறைந்தது, கீழே இருக்கும் பகுதி 23,025 குறைந்தது. அந்த 23,025 பேரில் பிறப்பு விகிதம் சரிந்ததால் பிறக்காமலே போனவர்கள் எத்தனை, சி.பி.எஸ்.இ. பக்கம் போனவர்கள் எத்தனை, ஒன்பதாம் வகுப்போடு பஞ்சர் கடைக்குப் போனவர்கள் எத்தனை? சதவீதம் சொல்லாது. அது வாய் திறக்காது என்பதால்தான் ஆள்பவர்களுக்கு அதன்மேல் இத்தனை பிரியம்.

இந்தப் பின்னம் எப்படித் தயாராகிறது என்று பார்க்க ஏதாவதொரு மாவட்டத் தலைநகரின் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்ற மாவட்டத்துக்காரர்கள், ‘எங்க ஸ்கூலைத்தான் மறைச்சு எழுதியிருக்கான்’ என்று கோபித்துக்கொள்வார்கள். அத்தனை ஒற்றுமை.

ஆண்கள் பள்ளி என்றாலே கல்வித்துறை பெருமூச்சு விடும். 2025இல் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. அந்த நாலு சதவீதப் பள்ளத்தைத் தங்கள் கையாலேயே வெட்டியவர்கள் மாதிரித்தான் ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பையன்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்பாரில்லை. பையன்கள் என்றால் அப்படித்தான் என்பது துறையின் ஆய்வு முடிவு.

திங்கட்கிழமை. அளவியல் பாடம் வாசலிலேயே ஆரம்பம். தலைமையாசிரியர் கையில் ஸ்கேல். பி.டி. மாஸ்டர் கையில் கத்தரிக்கோல். காதுக்கு மேல் முடி எத்தனை சென்டிமீட்டர்? பேன்ட் அடிப்பாகம் எத்தனை அங்குலம்? ஒவ்வொரு பையனையும் தனித்தனியாக நிறுத்தி, முகம் பார்த்து, திருப்பிப் பார்த்து, பொறுமையாக அளக்கிறார்கள். வாரம் முழுக்க ஒரு பையனுக்குப் பள்ளி தரும் தனிக்கவனம் இது ஒன்றுதான். கணக்கில் எங்கே இடறுகிறான் என்று பார்க்க இப்படி ஒரு வரிசை நின்றதே கிடையாது.

அதே வரிசையில் மணிக்கட்டுகளும் வருகின்றன. விதவிதமான நிறத்தில் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்று ஏழாம் வகுப்புப் பையன் தப்பில்லாமல் சொல்லுவான். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமான கண மொழியை வாத்தியார் நடத்துவதற்கு முன்பே, எந்த உறுப்பு எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்று ஊர் நடத்தி முடித்திருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிற்றைக் கழற்றச் சொன்னது அறிக்கை. பள்ளி முடியை வெட்டுகிறது. காரணம் எளிது: முடிக்குக் கேட்க ஆள் கிடையாது. கயிற்றை அவிழ்த்தால் சாயங்காலமே நாலு கார் வந்து நிற்கும்.

முதல் பாடவேளையில் கணக்கு சார் வகுப்பில் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். எமிஸ் என்ற கல்வித்துறைச் செயலியில் வருகைப்பதிவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் வட்டாரத்திலிருந்து போன், மாவட்டத்திலிருந்து போன். “எமிஸ்ல ஏத்தியாச்சா சார்?” என்பதுதான் இன்றைக்கு அரசுப் பள்ளிகளின் இரண்டாவது இறைவணக்கம். பையனின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ரத்த வகை, உயரம், எடை, செருப்பு அளவு எல்லாம் அரசுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் அவன் எந்தக் கணக்கில் கையை விரித்தான் என்பது மட்டும் தெரியாது. செருப்பைச் சரியாகக் கொடுக்கிறார்கள். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் எங்கே போவான் என்பது அவன் பாடு.

செவ்வாய்க்கிழமை, பத்தாம் வகுப்பு. வடிவியல். சார் நல்லவர், பாடம் தெரிந்தவர், தொண்டை கட்டும் வரைக்கும் கத்துகிறார். தரப்பட்ட முக்கோணத்துக்கு வடிவொத்த முக்கோணம் வரைய வேண்டும். ஒத்த பக்கங்களின் விகிதம் 7/4. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தன் இலவச ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். காம்பஸ் திருகு தேய்ந்து பென்சில் நழுவுகிறது. பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி இறுக்கியிருந்தான். PQR வரைந்தான். Q-விலிருந்து குறுங்கோணத்தில் ஒரு கதிர் இழுத்தான். அதில் சம தூரத்தில் ஏழு வெட்டு. நாலாவது புள்ளியை R-உடன் சேர்த்தான். ஏழாவது புள்ளியிலிருந்து அதற்கு இணையாக ஒரு கோடு, நீட்டிய QR-ஐத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து RP-க்கு இணையாக இன்னொரு கோடு, நீட்டிய QP-யைத் தொட்டது. கை நடுங்கவில்லை, ரப்பர் எடுக்கவில்லை. எட்டு மதிப்பெண்ணும் வந்தாகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கேட்டேன்: “ஏழு பை நாலு பெருசா, ஒண்ணு பெருசா தம்பி?”

பையன் முக்கோணத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு என்னைப் பார்த்தான். “அதெல்லாம் பப்ளிக்ல கேக்க மாட்டாங்க சார்.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. கேட்க மாட்டார்கள். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அவன் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே தேற்றம் அது. வரைந்த முக்கோணம் முதல் முக்கோணத்தைவிட ஏன் பெரிதாக வந்தது என்று அவனுக்குத் தெரியாது. நாலாவது புள்ளி, ஏழாவது புள்ளி என்று தெரியும். சார் என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்: “விட்ருங்க சார். எட்டு மார்க் வந்துருச்சு. நீங்க பின்னத்தைக் கேட்டா அதையும் மறந்துருவான்.”

அறியாமையின்மேல் அறிவு ஏறி மிதித்துவிடக் கூடாது என்று ஒரு கணக்கு வாத்தியார் பயப்படும் நிலைக்குப் பள்ளியைக் கொண்டுவந்திருக்கிறோம்.

2025-26இல் பத்தாம் வகுப்பில் இருக்கும் இந்தப் பையன், ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டிய வருஷம் பள்ளிக்கூடமே இல்லை. கொரோனா. அவன் வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அப்போது ஆறாம் வகுப்பு. பின்னம் பழக வேண்டிய வயதில் அவன் அப்பாவின் போன் சார்ஜ் தீரும்வரை வீடியோ பார்த்தான். அப்பாவுக்கு அந்த மாதிரிப் போன் இருந்திருந்தால். ஆறாம் வகுப்புப் புத்தகம் அவனுக்குப் பின்னம் வரும் என்று நம்பியது. ஏழாம் வகுப்புப் புத்தகம் ஆறாம் வகுப்பை நம்பியது. எட்டு ஏழை நம்பியது. புத்தகங்களுக்குள் இருந்த இந்தப் பரஸ்பர நம்பிக்கையில் அவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2024ஆம் ஆண்டின் ஏசர் என்ற கல்வித்தர ஆய்வில், நாட்டின் கிராமப்புற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 45.8 சதவீதம். பாதிக்கும் குறைவு.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: “எல்லாம் ஆல் பாஸ் போட்டதால் வந்த வினை, ஃபெயில் போட்டால் படிப்பான்.” ஃபெயில் போட்டதால் பின்னம் வந்த பையனை இந்த ஊரில் யாராவது பார்த்ததுண்டா? ஃபெயில் போட்டால் அவன் படிக்க மாட்டான், நின்றுவிடுவான். நின்றுவிட்டால் பகுதி குறையும். அதுதான் அவர்களுக்கு வேண்டும் என்றால் நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

புதன்கிழமை. தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். திரையில் பள்ளிகளின் பட்டியல். பச்சை, மஞ்சள், சிவப்பு. “ஏன் சார் உங்க ஸ்கூல் சிவப்புல இருக்கு? கணக்குல எத்தனை பேர் போறான்?” “இருபத்திரண்டு பேர் சார்.” “என்ன ஆக்‌ஷன் எடுத்தீங்க?” “மெல்ல மலரும் மாணவர்களை ஆசிரியர்களுக்குத் தத்துக் குடுத்திருக்கோம் சார்.” “எனக்குக் கதை வேணாம், ரிசல்ட் வேணும். இல்லேன்னா பதினேழு பி சார்ஜ் மெமோ குடுப்பேன்.” நாள் முழுக்க நடக்கும் கூட்டத்தில் முக்கோணம் என்ற சொல் ஒரு தடவை வராது. பின்னம் என்ற சொல் வராது. எந்த இடத்தில் புரியவில்லை என்ற கேள்வி வராது. கணக்கு ஆசிரியர் பணியிடம் ஒன்று காலியாகக் கிடக்கிறதே, பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கும் சொற்பக் காசுக்குப் பக்கத்துத் தெரு பி.எஸ்சி. படித்த பெண் வந்து சமாளிக்கிறாரே என்று யாராவது எழுந்து சொன்னால், “அது பாலிசி மேட்டர்” என்று பதில் வரும். காலிப் பணியிடம் பாலிசி. பையன் ஃபெயில் ஆவது மட்டும் வாத்தியார் குற்றம்.

இருக்கிற வாத்தியாராவது வகுப்பில் இருக்கிறாரா? கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்விசாரா வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அடுத்த மூச்சிலேயே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றையும் தவிர என்கிறது. இந்த நாட்டில் மூன்றில் ஒன்றுகூட நடக்காத வருஷம் எது? 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஆக்கப்பட்ட ஆசிரியர்கள் படிவக் கட்டோடு தெருத்தெருவாக அலைந்தார்கள். அரையாண்டுத் தேர்வு தலைக்கு மேல் நின்றது. செத்துப்போன வாக்காளர்களின் பெயரை நீக்கிக்கொண்டிருந்த நேரத்தில், உயிரோடு இருக்கும் பையன்கள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை முகூர்த்தநாள். வகுப்பில் ஏழெட்டு இடம் காலி. மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருக்கிறார்கள். அப்படிப் போய்விட்டு மத்தியானம் சாம்பார் வாசனையோடு திரும்பிய ஒருவனிடம் விசாரித்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் டிப்ஸாக 1,850 ரூபாய் கொடுத்தாராம். ஏழு பேர். “எப்படிடா பிரிச்சீங்க?” கண் இமைக்கவில்லை. “ஆளுக்கு எரநூத்தி அறுவது சார். மிச்சம் முப்பது, டீ குடிச்சோம்.” கரும்பலகையில் 1,850-ஐ 7-ஆல் வகுக்கும் கணக்கை எழுதிக் கையில் சாக்பீஸைக் கொடுத்தேன். ஏழைப் போட்டான், கோடு இழுத்தான், நின்றுவிட்டான்.

இது இந்தப் பையனின் தனிக்கதை இல்லை. 2025இல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் எழுதிய ஆய்வு இதையேதான் சொன்னது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகள் சிக்கலான கணக்கை மனசுக்குள் போட்டுச் சரியாகச் சில்லறை கொடுக்கிறார்கள். அதையே பள்ளிக் கணக்காகத் தாளில் கொடுத்தால் விழிக்கிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் போடுகிறார்கள். சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிகள் எந்த இதழுக்கும் அனுப்பாமல் சொன்னதுதான். கறிச் சுரைக்காயை ஏட்டில் ஏற்றவும் நம்மிடம் ஆள் இல்லை என்பது ஆய்வு சேர்த்துச் சொல்லும் பாதி. பந்தியில் வகுத்தவனுக்கு, ‘நீ செஞ்சதுக்குப் பேர்தான்டா வகுத்தல்’ என்று சொல்ல ஒரு வாத்தியாருக்குப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தை எமிஸ் தின்றுவிட்டது. பையன் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’ மட்டும் மறக்காமல் ஏறிவிட்டது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் உண்மையான பாடம் நடக்கும். பாடத்தின் பெயர்: முப்பத்தைந்து எடுப்பது எப்படி. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு சார் பிடித்துக்கொண்டார், பந்து அலமாரிக்குள். ஆறாம் பீரியடில் தொடங்கி இருட்டும்வரை வராந்தாவில் சிறப்பு வகுப்பு. கையில் மினிமம் மெட்டீரியல் என்ற ஜெராக்ஸ் கட்டு. புத்தகம் பைக்குள் புதிதாக இருக்கிறது. அரசு லட்சக்கணக்கில் அச்சடித்து, லாரியில் ஏற்றி, இலவசமாகக் கொடுத்த புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்பதற்காகத் தனியாக ஒரு கட்டு ஜெராக்ஸ்.

சார் பலகையில் எழுதுகிறார். வடிவியல் 8, வரைபடம் 8. இரண்டையும் தினமும் போட்டுப் பழகு, 16 வந்தது. ஒரு மதிப்பெண் வினா 14; புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை விடையோடு உருப்போடு, 9 வந்தது. இரண்டு மதிப்பெண்ணில் கார்ட்டீசியன் பெருக்கல், வீச்சு மாதிரி ஐந்து கேள்வி, 10 வந்தது. பதினாறும் ஒன்பதும் பத்தும்? “முப்பத்தஞ்சு சார்!” வராந்தாவே அதிர்கிறது. வாரம் முழுக்க அந்தப் பள்ளியில் எல்லோரும் சேர்ந்து சரியாகப் போட்ட கணக்கு இது ஒன்று. எட்டுப் பாடத்தில் முக்கோணவியல் போனது, இயற்கணிதம் முக்கால்வாசி போனது, நிகழ்தகவு போனது. ஒரு மதிப்பெண் கேள்விக்குக் காரணம் கேட்காதே. விடை ‘இ’ என்றால் ‘இ’. எதற்கு ‘இ’ என்று கேட்டவனை, “ரொம்ப அறிவாளியாடா நீ?” என்று சார் உட்கார வைத்தார். சாரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. முப்பத்தைந்து கேட்டார்கள், முப்பத்தைந்து கொடுக்கிறார். ஐம்பதுக்கான பாடம் கேட்டு அவருக்கு எந்த அதிகாரியும் போன் போட்டதில்லை.

ஊர்க்கோடியில் இருக்கும் தனியார் பள்ளி இதைவிட யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் புத்தகம். இரண்டு வருஷம் ஒரே கணக்கு, கை வலிக்க. இங்கே முப்பத்தைந்துக்கு உரு. அங்கே நூறுக்கு உரு. கேள்வித்தாள் கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் நூறு எப்படிக் கொட்டும் என்பதற்கு 18,695 சாட்சிகள்.

இனி, முப்பத்தைந்தும் எட்டாதவன். அவனுக்குத்தான் இந்தத் துறை தன் உயர்கணிதத்தை வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் அவன் அம்மாவுக்கு ஆள் போகும். சித்தாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் சிமெண்டோடு வந்து நிற்பார். நாற்காலி இருக்கும், உட்காரச் சொல்ல மாட்டார்கள். “பாரும்மா, இவன் பத்தாவது இங்க படிச்சா தேற மாட்டான். நல்லதுக்குத்தான் சொல்றோம். டி.சி. வாங்கிட்டுப் போ. வேலைக்குப் போய்க்கிட்டே பிரைவேட்டா எழுதட்டும்.” அந்த அம்மா சொல்லும் பதில் எல்லா மாவட்டத்திலும் ஒன்றுதான்: “நீங்க பார்த்துச் செய்ங்க சார்.” பார்த்துத்தான் செய்கிறார்கள். வெள்ளைத்தாளில் ஒரு விண்ணப்பம், ‘எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற வரி, அடியில் கைநாட்டோ நடுங்கும் கையெழுத்தோ. பகுதியில் ஒன்று குறைந்தது. பள்ளி அந்த அளவுக்குச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு நகர்ந்தது. அடுத்த ஆகஸ்ட் பதினைந்தன்று பாராட்டுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழில் அந்த அம்மாவின் சிமெண்டுக் கைரேகை இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டியவர்கள் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

பட்டியலிலிருந்து எடுக்க மறந்துபோனால் என்ன ஆகும் என்று 2023 மார்ச் காட்டியது. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள். 50,000 பேருக்குமேல் வரவில்லை. தாய்மொழித் தேர்வுக்கு ஒரு நகரமே வரவில்லை. இரண்டு நாள் கூச்சல், விளக்கம், குழு. பிறகு தேர்வு முடிவு வந்தது. சதவீதம் ஜோராக இருந்தது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதானே சதவீதம்? வராதவன் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. கணிதத்தில் பூஜ்யத்துக்குக்கூட ஓர் இடம் உண்டு. அவனுக்கு அதுவும் இல்லை.

டெல்லி இதில் உத்தமர் வேஷம் போட வேண்டாம். புதிய கல்விக் கொள்கைக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று சமக்ர சிக்‌ஷா நிதியில் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தவர்கள் அவர்கள். மூன்றாவது மொழி இல்லாமல் பையன் கெட்டுப்போவான் என்று கவலைப்படும் பெருந்தகைகள், அவனுக்கு இரண்டாவது கணக்கு வாத்தியார் இல்லையே என்று ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவர்களும் இங்கே ஆள்பவர்களும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவார்கள். பிசா என்ற உலகத் தேர்வின் 2009 சுற்றில் இந்தியா சார்பாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. சூத்திரம் கேட்காத தேர்வு அது. யோசிக்கத் தெரியுமா என்று கேட்டது. 74 இடங்களில் இரண்டு மாநிலமும் அடிவரிசை. என்ன செய்தோம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேள்விகள் நம் பண்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்றோம். 2012, 2015, 2018, 2022 எந்தச் சுற்றிலும் எழுதவில்லை. பையனைப் பகுதியிலிருந்து நீக்கக் கற்ற நாடு, கடைசியில் தன்னையே பகுதியிலிருந்து நீக்கிக்கொண்டது. உலகத்திலேயே நம் தோல்வி விகிதம் இப்போது பூஜ்யம்.

இதைப் படிக்கிற நமக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் அந்த வராந்தாவில் இல்லை. ஆய்வுக் கூட்டம் நடத்தும் அதிகாரியின் பிள்ளை இல்லை, அமைச்சரின் பேரன் இல்லை, அங்கே தொண்டை கிழியக் கத்தும் பல ஆசிரியர்களின் பிள்ளைகளே இல்லை. இல்லாததால்தான் முப்பத்தைந்து போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. நம் வீட்டுப் பிள்ளை 7/4 பெரிதா 1 பெரிதா என்று தெரியாமல் விழித்தால் அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்க மாட்டோம். வராந்தாப் பையன் விழித்தால், மெல்ல மலர்கிறான் என்று பெயர் வைத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறோம்.

அடுத்த மே மாதமும் முடிவு வரும். அமைச்சர் மேடையில் சதவீதம் வாசிப்பார். போன வருஷத்தைவிடக் கூட இருக்கும். செய்தியாளர்கள் சதம் அடித்த பிள்ளையைத் தேடி ஓடும் முன்பு ஒரு கேள்வி கேட்கட்டும். இந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பதிவேட்டில் எத்தனை பெயர்? அதில் இன்றைக்குத் தேறியவர்கள் எத்தனை பேர்? எமிஸில் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, செருப்பு அளவு இருக்கிறது. பதில் சொல்ல அரை மணி நேரம்கூட ஆகாது. மாவட்டவாரியாக, பள்ளிவாரியாக அந்தப் பின்னத்தை வெளியிடுங்கள். டி.சி. வாங்கிப் போன ஒவ்வொருவனையும் பகுதியில் திரும்பச் சேர்த்துவிட்டு வகுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எந்தச் சதவீதம் மிஞ்சுகிறதோ அதற்கு ஃப்ளெக்ஸ் அடியுங்கள், கேடயம் கொடுங்கள், தாளாளர் படத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியிட மாட்டீர்கள். காரணமும் எங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பின்னம் நன்றாகவே வரும்.